கிளேட்டன் கெர்ஷா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியின் பிட்சர் (பந்து வீசுபவர்) கிளேட்டன் கெர்ஷா 2025 சீசனோடு ஓய்வு பெற்றுவிட்டார். அவரைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே இரண்டு கட்சி உருவாகிவிடுகிறது. ஒரு கட்சிக்கு அவர் இந்தத் தலைமுறையின் தலைசிறந்த பிட்சர். இன்னொரு கட்சிக்கு அவர் அக்டோபரில் பட்டத்துக்கான பிளேஆஃப் ஆட்டங்கள் வந்தால் கவிழ்ந்துவிடுகிறவர். இரண்டு பக்கமும் திரும்பத் திரும்ப எழும் சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். பேஸ்பால் பழக்கமில்லாதவர்கள் மேலிருந்து படித்துக்கொண்டு வந்தால் பின்னால் வருவது எளிதாகப் புரியும்.

யாருங்க இந்த கெர்ஷா? நான் பேஸ்பாலே பார்த்ததில்ல, சுருக்கமா சொல்லுங்க.

1988 மார்ச்சில் டெக்சஸ் மாநிலம் டல்லாஸில் பிறந்தவர். இடது கைக்காரர். பள்ளிக்கூடம் முடித்த கையோடு, புது ஆட்டக்காரர்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் 2006 டிராஃப்டில் ஏழாவது ஆளாக டாட்ஜர்ஸ் அவரை எடுத்தது. 2008 மே 25 அன்று, இருபது வயதில், பேஸ்பாலின் உச்ச நிலையான மேஜர் லீக்கில் முதல் ஆட்டம். அன்று தொடங்கி 18 சீசன். அத்தனையும் ஒரே அணிக்கு.

வெற்றி 223, தோல்வி 96, ஸ்ட்ரைக் அவுட் (பிட்சர் தன் பந்தாலேயே பேட்டரை அவுட் ஆக்குவது) 3,052, ஈ.ஆர்.ஏ 2.53. ஆண்டின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது மூன்று முறை (2011, 2013, 2014). 2014-ல் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்.வி.பி விருதும் அவருக்கே. சிறந்த ஆட்டக்காரர்கள் மோதும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானது 11 முறை.

ஈ.ஆர்.ஏ 2.53னா அது அவ்ளோ பெரிய விஷயமா?

ஒன்பது இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, சராசரியாக எத்தனை ரன் விட்டுக்கொடுத்தார் என்பதுதான் ஈ.ஆர்.ஏ. ஃபீல்டர் தவறவிட்டதால் வந்த ரன் இதில் சேராது. கிரிக்கெட் பௌலிங் சராசரி போலவே, எண் குறையக் குறைய நல்லது. கெர்ஷா ஆடிய காலத்தில் லீக்கின் சராசரி நான்கை ஒட்டி இருந்தது. அதாவது, மற்றவர்கள் எட்டு ரன் கொடுக்கிற இடத்தில் இவர் ஐந்து கொடுத்திருக்கிறார், அதையும் பதினெட்டு வருஷம் செய்திருக்கிறார்.

பேட்டர்கள் கை ஓங்கிய காலம் 1920-ல் தொடங்கியது என்று பேஸ்பால் வரலாற்றில் கணக்கு வைப்பார்கள். அதற்குப் பிறகு, ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் பிட்சர்களாகக் குறைந்தது 1,500 இன்னிங்ஸ் வீசியவர்களில் இதைவிடக் குறைந்த ஈ.ஆர்.ஏ யாருக்கும் இல்லை. நூறு வருஷத்தில் முதலிடம். கீழே எந்தக் குறையைப் படித்தாலும் இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அப்படி என்னதான் போட்டார்? ரொம்ப வேகமா?

வேகம் இருந்தது; ஆனால் அவரைவிட வேகமாக வீசியவர்கள் நிறைய பேர் உண்டு. இளமையில் மணிக்கு 150 கிலோமீட்டரை ஒட்டி வரும் ஃபாஸ்ட்பால், அதே கை அசைவில் கடைசி நொடியில் சறுக்கிக் கீழே இறங்கும் ஸ்லைடர், பிறகு மெதுவாக மேலே எழும்பி வந்து பேட்டரின் முழங்காலுக்கு விழும் கர்வ் பால். மூன்றும் ஒரே இடத்திலிருந்து கிளம்புவது போலத் தெரியும். பேட்டருக்கு எது எது என்று தெரிவதற்குள் பந்து அவருக்குப் பின்னால் இருக்கும் கேட்சர் கையில் இருக்கும்.

அவர் வீசும் விதத்தைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குவார். பிறகு கையும் வலது முழங்காலும் சேர்ந்து இறங்கும். கால் தரையைத் தொடும் முன் ஒரு கணம் அந்தரத்தில் நிற்கும். அந்த ஒரு கணத்தில் பேட்டரின் நேரக்கணக்கு குலைந்துவிடும். 2008 பயிற்சி ஆட்டம் ஒன்றில் பாஸ்டன் அணியின் ஷான் கேஸி அந்தக் கர்வ் பாலைப் பார்த்து அப்படியே நின்று அவுட் ஆனார். வர்ணனையில் இருந்த வின் ஸ்கல்லி அந்தப் பந்துக்கு ‘பொது எதிரி நம்பர் ஒன்’ என்று பெயர் வைத்தார். அப்போது கெர்ஷா மேஜர் லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடியிருக்கவில்லை.

அவரோட உச்சம்னா எந்த வருஷம்?

2011 முதல் 2014 வரை நான்கு வருஷமும் ஈ.ஆர்.ஏ-வில் மேஜர் லீக் முழுக்க அவர்தான் முதல். 2013-ல் 1.83. 2014-ல் 1.77. இந்த 2014-தான் என் கணக்கில் உச்சம். முதுகுத் தசை பிரச்சினையால் ஏப்ரல் மாதமே போய்விட்டது. இருந்தும் 27 ஆட்டத்தில் 21 வெற்றி, மூன்றே தோல்வி. மேஜர் லீக்கின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீக்கில் ஒரு பிட்சர் எம்.வி.பி வாங்கியது 1968-ல் பாப் கிப்சனுக்குப் பிறகு அதுவே முதல் முறை. மறு வருஷம், 2015-ல், 301 ஸ்ட்ரைக் அவுட். 2002-க்குப் பிறகு 300-ஐ யாரும் தொட்டிருக்கவில்லை.

அந்த 2014 ஜூன் 18 ஆட்டத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கொலராடோ ராக்கீஸுக்கு எதிராக நோ-ஹிட்டர், அதாவது முழு ஆட்டத்திலும் எதிரணிக்கு ஒரு ஹிட்கூட (பந்தை அடித்துவிட்டு ஓடி பேஸ் என்ற நிறுத்தத்தை அடைவது) இல்லை. 15 ஸ்ட்ரைக் அவுட். ஒருவரைக்கூட வாக் (நான்கு பந்து வெளியே போனால் இலவசமாகக் கிடைக்கும் முதல் பேஸ்) கொடுத்து அனுப்பவில்லை. ஏழாவது இன்னிங்ஸில் கோரி டிக்கர்சன் தட்டிவிட்ட மெதுவான பந்தை எடுத்து ஷார்ட்ஸ்டாப் இடத்து ஃபீல்டர் ஹான்லி ரமிரெஸ் தவறாக எறிந்துவிட்டார். அன்று பேஸில் கால் வைத்த ஒரே எதிரணிக்காரர் அந்த டிக்கர்சன்தான். அந்த எறிதல் சரியாகப் போயிருந்தால் பர்ஃபெக்ட் கேம், அதாவது எதிரணியில் ஒருவர்கூட பேஸை எட்டாத ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸில் கடைசி ஆளாக அதே டிக்கர்சன் வந்தார். கெர்ஷா அவரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கி ஆட்டத்தை முடித்தார்.

2022ல பர்ஃபெக்ட் கேம் போயிட்டு இருக்கும்போதே மேனேஜர் ராபர்ட்ஸ் அவரை வெளிய எடுத்துட்டாராமே? அநியாயம் இல்லையா?

ஏப்ரல் 13, மினியாபொலிஸ். ஏழு இன்னிங்ஸ், 21 பேட்டர், 21 அவுட், அதில் 13 ஸ்ட்ரைக் அவுட். வீசியது 80 பந்துதான். எட்டாவது இன்னிங்ஸுக்கு வேறு ஆள் வந்தார்; ஹிட் விழுந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு வயிறு எரிந்தது உண்மை.

ஆனால் நிலைமையைப் பாருங்கள். முந்தைய சீசனின் முடிவில் முழங்கைப் பகுதியில் காயப்பட்டு, பிளேஆஃப் ஆட முடியாமல் போனவர். அந்த வருஷம் உரிமையாளர்கள் செய்த லாக்-அவுட்டால் (கதவடைப்பு) பயிற்சிக் காலம் சுருங்கிப்போயிருந்தது. அதுதான் அவருக்கு சீசனின் முதல் ஆட்டம், அதுவும் கடுங்குளிரில். எடுத்தது சரியான முடிவு என்று கெர்ஷாவே ஆட்டம் முடிந்ததும் சொன்னார். எனக்கும் அதில் மறுப்பு இல்லை.

சரி, நேரா கேக்கறேன். அக்டோபர்ல சொதப்புவார்ங்கறது உண்மையா, பொய்யா?

உண்மை. சீசன் முடிந்து அக்டோபரில் நடக்கும் பிளேஆஃப் ஆட்டங்களில் அவர் கணக்கு 13 வெற்றி, 13 தோல்வி, ஈ.ஆர்.ஏ 4.6 அளவில். வழக்கமான சீசனின் 2.53-க்குப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒரே ஆள் வீசியதா என்று தோன்றும். அவருடைய ரசிகர்கள் இதை மழுப்பக் கூடாது.

2013-ல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அவரிடம் ஏழு ரன் எடுத்து டாட்ஜர்ஸை வீட்டுக்கு அனுப்பியது. 2014-ல் அதே அணி முதல் ஆட்டத்தில் எட்டு ரன், நான்காவது ஆட்டத்தில் மாட் ஆடம்ஸின் மூன்று ரன் ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் போல எல்லைக்கு அப்பால் அடிப்பது). 2019-ல் வாஷிங்டனுக்கு எதிராக ஐந்தாவது ஆட்டத்தின் எட்டாவது இன்னிங்ஸில் ஆன்டனி ரெண்டான், ஹுவான் சோட்டோ இருவரும் அடுத்தடுத்த பந்துகளில் ஹோம் ரன். 2023-ல் அரிசோனாவிடம் ஒரே ஒரு அவுட் எடுப்பதற்குள் ஆறு ரன். 2019 ஆட்டம் முடியும் முன்பே டக்-அவுட் பெஞ்சில் தனியாகத் தலை குனிந்து அவர் உட்கார்ந்திருந்த காட்சியை எந்த டாட்ஜர்ஸ் ரசிகரைக் கேட்டாலும் சொல்வார்.

அப்போ பயந்துட்டாருன்னுதானே அர்த்தம்?

இந்த இடத்தில்தான் நான் மாறுபடுகிறேன். ரன் எப்போது போனது என்று பாருங்கள். 2014 முதல் ஆட்டத்தில் ஆறு இன்னிங்ஸ் முடிவில் டாட்ஜர்ஸ் 6-2 முன்னிலை. ஏழாவதில்தான் எல்லாம் சரிந்தது. மாட் கார்பென்டரின் டபிள் (இரண்டாவது பேஸ் வரை ஓடவைக்கும் அடி) மூன்று ரன்னைக் கொண்டுவந்தது. நான்காவது ஆட்டமும் அதே கதை: ஆறு இன்னிங்ஸ் ஒரு ரன்கூட இல்லை, ஏழாவதில் இரண்டு ஹிட், பிறகு ஆடம்ஸ். பயந்தவன் முதல் இன்னிங்ஸிலேயே நடுங்குவான். களைத்தவனுக்குத்தான் ஏழாவதில் கை தளரும்.

ஏன் களைத்தார்? சீசனில் ஒரு பிட்சர் வழக்கமாக நான்கு நாள் இடைவெளி விட்டு வீசுவார். 2013, 2014, 2015, 2016 நான்கு வருஷமும் முதல் சுற்றின் நான்காவது ஆட்டத்தில் கெர்ஷாவை மூன்று நாள் இடைவெளியிலேயே இறக்கினார்கள். அதில் 2013, 2015 ஆட்டங்களை அருமையாக முடித்துக்கொடுத்தார் என்பதை யாரும் சொல்வதில்லை. அவருக்குப் பின்னால் நம்பி இறக்க புல்பென்னில் (மாற்று பிட்சர்கள் கூட்டம்) ஆள் குறைவு. அதனால் ஏழாவது இன்னிங்ஸிலும் அவரே நின்றார். அவர் விட்டுவிட்டுப் போன ஓட்டக்காரர்களை அடுத்து வந்தவர்கள் ரன் எடுக்க விட்டார்கள். அந்த ரன்னும் விதிப்படி கெர்ஷா கணக்கில்தான் ஏறும்.

ஆனால் இந்த வாதம் எல்லாவற்றையும் மூடாது. 2023 அரிசோனா ஆட்டத்துக்கு ஏழாவது இன்னிங்ஸைக் காரணம் சொல்ல முடியாது. தோள் கெட்டுப்போயிருந்தது; அடுத்த மாதமே அறுவை சிகிச்சை. அதைக் காயத்தின் கணக்கில் எழுதலாம். 2019-ல் சோட்டோவுக்குப் போட்ட ஸ்லைடரை அவர் கணக்கில்தான் எழுத வேண்டும்.

2017ல ஹூஸ்டன் திருட்டுத்தனம் பண்ணுச்சே, அதனாலதானே அவர் பேர் கெட்டுச்சு?

பாதி சரி. அந்த வருஷம் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் தங்கள் மைதானத்தில் கேமரா வைத்து, கேட்சர் காட்டும் சைகையைப் பிடித்து, குப்பைத் தொட்டியைத் தட்டி பேட்டருக்குத் தகவல் சொன்னது. பிளேஆஃபிலும் அது நடந்தது என்று 2020 ஜனவரியில் மேஜர் லீக் விசாரணை உறுதி செய்தது. அணிக்கு 50 லட்சம் டாலர் அபராதம். மேனேஜருக்கும் ஜெனரல் மேனேஜருக்கும் ஒரு வருஷத் தடை. ஆட்டக்காரர்கள் யாருக்கும் தண்டனை இல்லை. பிளேஆஃபின் இறுதிச் சுற்றான வேர்ல்ட் சீரிஸ் பட்டத்தையும் பறிக்கவில்லை. அது இன்றும் எனக்கு ஆறவில்லை.

அந்த வேர்ல்ட் சீரிஸில் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த முதல் ஆட்டத்தில் அதே பேட்டர்களுக்கு எதிராக கெர்ஷா ஏழு இன்னிங்ஸ், 11 ஸ்ட்ரைக் அவுட், ஒரே ரன். ஹூஸ்டனில் நடந்த ஐந்தாவது ஆட்டத்தில் 4-0 முன்னிலை கொடுத்தும் ஐந்தாவது இன்னிங்ஸைத் தாண்டவில்லை, ஆறு ரன். ஆட்டம் 13-12 என்று போய்விட்டது. ஸ்லைடரையும் கர்வ் பாலையும் நம்பி வாழ்கிறவருக்கு, அடுத்து என்ன வரும் என்று பேட்டருக்குத் தெரிந்துவிட்டால் கையில் என்ன மிச்சம்?

ஆனாலும் இது ஒரு ஆட்டம். முந்தைய கேள்வியில் வந்த 2013, 2014, 2019 எதற்கும் குப்பைத் தொட்டி பதில் ஆகாது. எல்லாப் பழியையும் ஹூஸ்டன் தலையில் கட்டும் ரசிகர்கள் தங்கள் வாதத்தையே கெடுத்துக்கொள்கிறார்கள்.

2020 கப்பு கொரோனா கப்புதானே? 60 மேட்ச் சீசன், அதைப் போய் கணக்குல வைக்கலாமா?

சீசன் சுருங்கியது; பிளேஆஃப் நீண்டது. வழக்கமான பத்துக்குப் பதில் 16 அணி, கூடுதலாக ஒரு சுற்று. ஜெயிக்க வேண்டிய ஆட்டங்கள் கூடத்தான் செய்தன. கெர்ஷா முதல் சுற்றில் மில்வாக்கிக்கு எதிராக எட்டு இன்னிங்ஸ், 13 ஸ்ட்ரைக் அவுட், ரன் இல்லை. வேர்ல்ட் சீரிஸில் டாம்பா பே ரேஸுக்கு எதிராக முதல் ஆட்டமும் ஐந்தாவது ஆட்டமும் அவர் ஜெயித்தவை.

ஐந்தாவது ஆட்டத்தின் நான்காவது இன்னிங்ஸில் ஒரு காட்சி. மூன்றாவது பேஸில் மேனுவல் மார்கோ. இடது கைக்காரரான கெர்ஷாவின் முதுகு அவர் பக்கம். இரண்டு கையையும் தூக்கி கெர்ஷா நிற்கும் அந்தக் கணத்தில் மார்கோ ஹோம் பிளேட்டை (ரன் எடுக்கத் தொட வேண்டிய இடம்) திருட ஓட்டமெடுத்தார். முதல் பேஸில் நின்ற மேக்ஸ் மன்சி கத்த, கெர்ஷா பதறாமல் காலைப் பின்னெடுத்து கேட்சருக்கு எறிந்தார். மார்கோ அவுட். சமன் ஆக வேண்டிய ரன் அது. அக்டோபரில் கை நடுங்கும் ஆள் என்று சொல்பவர்களுக்கு நான் காட்டுவது அந்த எறிதலைத்தான். டாட்ஜர்ஸ் அதற்கு முன் பட்டம் வென்றது 1988-ல், அவர் பிறந்த வருஷம்.

2024, 2025 மோதிரம் ஓசில வந்ததுதானே?

டாட்ஜர்ஸ் இரண்டு வருஷமும் பட்டம் வென்றது; வென்ற அணியினருக்கு மோதிரம் கிடைக்கும். 2024 பற்றிச் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். அந்த சீசனில் ஏழே ஆட்டம். கால் விரல் காயத்தால் பிளேஆஃபில் ஒரு பந்தும் வீசவில்லை.

2025 அப்படியில்லை. சீசனில் 11 வெற்றி, 2 தோல்வி. காயத்தால் பிட்சர்கள் விழுந்துகொண்டிருந்த அணியை 37 வயதில் தாங்கிப்பிடித்தார். வேர்ல்ட் சீரிஸில் டொரான்டோ புளூ ஜேஸுக்கு எதிரான மூன்றாவது ஆட்டம் 18 இன்னிங்ஸ் போனது. அதன் பன்னிரண்டாவது இன்னிங்ஸில், பேஸ் மூன்றும் நிறைந்து, இரண்டு அவுட் ஆன நிலையில் அவரை இறக்கினார்கள். எதிரில் நேதன் லூக்ஸ். மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக் வரை போயிற்று. அடுத்த பால் வெளியே போனால் ரன். கெர்ஷா ஸ்லைடர் போட்டார். தரையில் உருண்ட பந்தை டாமி எட்மன் கிளவ்விலிருந்தே முதல் பேஸுக்குத் தட்டிவிட்டார். அவுட். அந்த ஆட்டத்தை டாட்ஜர்ஸ் 6-5 என்று ஜெயித்தது. சீரிஸ் ஏழு ஆட்டம் வரை போனது. அந்த ஒரு அவுட் இல்லையென்றால் அந்தக் கோப்பையே கேள்விக்குறி.

சாண்டி கோஃபேக்ஸா, கெர்ஷாவா? ஒரு பேரைச் சொல்லுங்க.

மொத்த வாழ்க்கைக்கு கெர்ஷா. ஒரே ஒரு ஆட்டம், நாளைக்கே ஜெயித்தாக வேண்டும் என்றால் கோஃபேக்ஸ்.

கோஃபேக்ஸும் டாட்ஜர்ஸ்தான், அவரும் இடது கை, அவருக்கும் மூன்று சை யங். வேர்ல்ட் சீரிஸ் ஈ.ஆர்.ஏ 0.95, நான்கு நோ-ஹிட்டர், அதில் 1965-ல் ஒரு பர்ஃபெக்ட் கேம். ஆனால் முதல் ஆறு வருஷம் 36 வெற்றி, 40 தோல்வி என்று தடுமாறினார். முழங்கை மூட்டு கெட்டு 30 வயதில் ஓய்வு பெற்றுவிட்டார். பிட்சர் நிற்கும் மேடு அப்போது 15 அங்குல உயரம். 1969-ல்தான் அதைப் பத்தாக இறக்கினார்கள். பிட்சருக்குச் சாதகமான காலம் அது. காலத்தைக் கழித்து, லீக் சராசரியை 100 என்று வைத்துப் பார்க்கும் கணக்கில் கோஃபேக்ஸுக்கு 131, கெர்ஷாவுக்கு 150-க்கு மேல். எதிர்ப்பக்கத்தில், கோஃபேக்ஸ் 1965-ல் மட்டும் 335 இன்னிங்ஸ் வீசினார். கெர்ஷாவின் அதிகபட்சம் 236. அந்தப் பாரத்தையும் ஒதுக்கிவிட முடியாது.

வெர்லாண்டர், ஷெர்சர் இவங்களைவிடவா கெர்ஷா பெரிய ஆளு?

மூவருக்கும் மூன்று மூன்று சை யங். மூவரும் 3,000 ஸ்ட்ரைக் அவுட் தாண்டியவர்கள். வெற்றி எண்ணிக்கையில் ஜஸ்டின் வெர்லாண்டர் முன்னால். ஸ்ட்ரைக் அவுட்டில் அவரும் மேக்ஸ் ஷெர்சரும் கெர்ஷாவைத் தாண்டிவிட்டார்கள். ஒரு இன்னிங்ஸுக்கு யார் குறைவாக ரன் கொடுத்தார் என்றால் இருவரும் கெர்ஷாவுக்கு வெகுதூரம் பின்னால்.

வெர்லாண்டரின் வேர்ல்ட் சீரிஸ் கணக்கு ஒரு வெற்றி, ஆறு தோல்வி. அதை யாரும் அவர் நெற்றியில் எழுதி ஒட்டவில்லை. கெர்ஷாவுக்கு மட்டும் ஏன் ஒட்டினார்கள்? 2013 முதல் வருஷாவருஷம் டாட்ஜர்ஸ் பிளேஆஃப் போனது, அதில் பல வருஷம் அவர்தான் முதல் ஆளாக நின்றார். தோற்கவும் அடிக்கடி வாய்ப்பு அமைந்தது.

3,000 ஸ்ட்ரைக் அவுட்ங்கறது ரொம்ப நாள் ஆடினா யாருக்கும் வர்றதுதானே?

ரொம்ப நாள் ஆடியவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். 3,000 தொட்டவர்கள் இருபதே பேர். அதில் இடது கைக்காரர் நான்கு. வாழ்க்கை முழுக்க ஒரே அணிக்கு ஆடி எடுத்தவர்கள் மூன்று: வால்டர் ஜான்சன், பாப் கிப்சன், கெர்ஷா. 2025 ஜூலை 2 அன்று சிகாகோ ஒயிட் சாக்ஸுக்கு எதிராக, தன் நூறாவது பந்தில், ஸ்லைடர் போட்டு அதை எட்டினார்.

ஹால் ஆஃப் ஃபேம் கிடைக்குமா?

பேஸ்பாலின் தலைசிறந்தவர்களுக்கான அந்தக் கௌரவத்துக்கு, ஓய்வு பெற்று ஐந்து வருஷம் ஆக வேண்டும் என்பது விதி. வாக்களிப்பவர்களில் 75 சதவீதம் வேண்டும். முதல் முறையிலேயே கிடைக்கும். இதில் விவாதமே இல்லை.

அக்டோபர் தோல்விகளை எவ்ளோ எடை போடணும்னு நினைக்கிறீங்க?

பிளேஆஃபில் அவர் வீசியது கிட்டத்தட்ட 197 இன்னிங்ஸ், ஏறக்குறைய ஒரு முழு சீசன். கொஞ்சம்தானே என்று தள்ளிவிட முடியாத அளவு. எல்லாக் காலத்திலும் முதல் பிட்சர் யார் என்ற பட்டியலில் அவரை நான் ஓரிரண்டு படி கீழே வைப்பதற்கு அது போதும். இன்னும் கீழே தள்ள அது போதாது. 2016 முதல் சுற்றில் நான்காவது ஆட்டத்தை ஆரம்பித்து 110 பந்து வீசியவர், ஒரே ஒரு நாள் ஓய்வெடுத்த கையோடு, ஐந்தாவது ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸில் வாஷிங்டனில் இறங்கி டேனியல் மர்ஃபியை அவுட் ஆக்கி ஆட்டத்தை முடித்துக்கொடுத்தார். கூப்பிட்ட போதெல்லாம் போனார். போனதால்தான் அந்தத் தோல்விகளில் பாதி அவர் பெயரில் இருக்கிறது.

ஒரே ஒரு மேட்ச் முழுசா பார்க்கணும்னா எதைப் பார்க்கறது?

நோ-ஹிட்டரைத்தான் எல்லோரும் சொல்வார்கள். நான் 2013 ஏப்ரல் 1, சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுக்கு எதிரான சீசன் தொடக்க ஆட்டத்தைச் சொல்வேன். அந்தக் காலத்தில் நேஷனல் லீக்கில் பிட்சரும் பேட் பிடிக்க வேண்டும். ஏழு இன்னிங்ஸ் முடிந்தும் 0-0. எட்டாவதில் முதல் ஆளாக வந்த கெர்ஷா, ஜார்ஜ் கான்டோஸ் போட்ட முதல் பந்தையே சென்டர் ஃபீல்ட் சுவருக்கு அப்பால் அடித்தார். அவர் வாழ்க்கையில் அடித்த ஒரே ஹோம் ரன். டக்-அவுட்டில் சக ஆட்டக்காரர்கள் குதிப்பதைப் பாருங்கள். பிறகு ஒன்பதாவது இன்னிங்ஸையும் தானே வீசி, ஒரு ரன்கூடக் கொடுக்காமல், 4-0 என்று முடித்தார். வர்ணனை வின் ஸ்கல்லி. ஒலியைக் குறைக்காமல் பாருங்கள்.